217-வது ரேங்க்... உலக நம்பர் ஒன்!

நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல ப்ளஸ் டூ படிச்சவரா நீங்க? அப்ப சொல்லவே வேணாம். பக்கத்து பெஞ்ச்காரன் நோட்டைக் கையால மறைச்சுக்கிட்டே எழுதுவான். ஸ்டேட் ரேங்க் அறிவிக்கிறதை 2017-லயே அரசு நிறுத்தியாச்சு. ஆனா, நம்ம மண்டைக்குள்ள அந்த லிஸ்ட் இன்னும் ஓடுது. நம்மளை வளர்த்ததே சிங்கிள்ஸ் ஆட்டம்தான் பாஸ்!

அப்படி வளர்ந்த மூணு பேரை ஒரே டீம்ல போட்டு, 'ப்ராஜெக்ட் பண்ணுங்க'ன்னா எப்படி? முதல் ரிவ்யூவுக்கு முன்னாடியே பேச்சுவார்த்தை கட். ஹாஸ்டல் சீனியர் அண்ணா ஒருத்தர்தான், 'மகேஷ் பூபதியைப் பத்திப் படிடா'ன்னார். படிச்சேன்.

1974-ல் சென்னையில் பிறந்தவர். ஒற்றையரில் அவர் தொட்ட உச்சமே 217-வது இடம்தான். நம்ம ஊர் பாஷையில 'ஆவரேஜ் ஸ்டூடன்ட்'! ஆனா, 1999 ஏப்ரலில் இரட்டையரில் உலக நம்பர் ஒன். அந்த வருஷம் லியாண்டர் பயஸோட சேர்ந்து நாலு கிராண்ட் ஸ்லாம்லயும் ஃபைனல். பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் ரெண்டும் கையில!

இப்போ ரிட்டயர்ட் ஆகிட்ட பூபதி, மொத்தம் 12 கிராண்ட் ஸ்லாம் ஜெயிச்சவர். அதுல 8 கலப்பு இரட்டையர். 1997-ல் ஜப்பானின் ரிகா ஹிராகியோட ஆரம்பிச்சு, 2012-ல் சானியா மிர்ஸா வரைக்கும். அந்த எட்டுக்கும் பார்ட்னர் எத்தனை பேர் தெரியுமா? ஏழு பேர், ஆறு நாடு! ஒவ்வொரு தடவையும் யார் நெட்டுக்கு ஓடணும், நடுவுல வர்ற பந்தை யார் எடுக்கணும்னு புதுசாப் பேசி முடிக்கணும்.

எல்லாமே இனிப்பு இல்லீங்க. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல பயஸ் - பூபதி ஜோடிக்கு வெண்கலம், கடைசி செட்டில் 16-14-னு கைநழுவிப் போச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த மனஸ்தாபம் ஊரறிஞ்ச கதை. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு, 'பயஸோட ஆட மாட்டேன்'னே சொல்லிட்டார் பூபதி. ஆனா, அதுக்கு முந்தின வருஷம்தான் ஆஸ்திரேலிய ஓப்பன்ல இதே ஜோடி ஃபைனல் வரைக்கும் போயிருந்தது!

எனக்கு 'பளிச்'னு உறைச்சது அங்கேதான். தோஸ்தா இருந்தாதான் பார்ட்னரா இருக்க முடியும்னு யார் சொன்னது? அவன் எங்கே நிக்கிறான்னு தெரிஞ்சா போதும், நாம எங்கே ஓடணும்னு புரிஞ்சிடும்.

எங்க டீம்ல இப்போ ஒருத்தனுக்கு சர்க்யூட், ஒருத்தனுக்கு ரிப்போர்ட், எனக்கு கோடிங். சங்ககிரி பைபாஸ் டீக்கடைக்கு இன்னமும் தனித்தனியாத்தான் போறோம். ஆனா, ரெண்டாவது ரிவ்யூ ஓகே ஆகிடுச்சு!

உங்க ரேங்க் 217-ஆ? அட, விடுங்க. பக்கத்துல நிக்கிறவனைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க!