மிஞ்சிய களி

ஒரு வார லீவில் செஞ்சிக்குப் போயிருந்தேன். அம்மா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கி வைத்திருந்தார். நானோ முதல் மூன்று ராத்திரியும் தோழிகளோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டாவை முடித்துவிட்டே வீடு திரும்பினேன். "சாப்ட்டியா?" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மிஞ்சியதைக் காலையில் மோரில் கரைத்து அவரே குடித்தார்.

வியாழனன்று கோட்டைக்குப் போனோம். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. எங்களுக்கு இன்னமும் அரட்டையடிக்கும் இடம்தான். நெற்களஞ்சிய நிழலில் தேசிங்கு ராஜன் கதையை ஆளுக்குக் கொஞ்சமாக வாசித்தோம். 1714-ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி இறந்தபோது தேசிங்குக்கு ஏறக்குறைய எங்கள் வயதுதான். நண்பன் மகமத்கான் தன் கல்யாணத்தை விட்டுவிட்டுப் போருக்கு ஓடிவரும் இடத்தில், வாசித்தவள் நிறுத்திவிட்டாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

"நீங்க கூப்பிட்டா என்னை விடுவாங்களாடி?"

யாரும் பதில் சொல்லவில்லை.

மிச்சக் கதையை எங்கள் வீட்டில் வாசித்தோம். அம்மா மல்லாட்டையை வேகவைத்துக் கொண்டுவந்து கொட்டினார். நான் வாசிக்க வாசிக்க, அடுத்து வருவதை அவரே சொன்னார். சின்ன வயசில் கேட்டதாம். குதிரையை அடக்கும் இடத்தைப் புத்தகத்தைவிட நன்றாகச் சொன்னார். இத்தனை வருஷமாக எனக்கு இது தெரியவே தெரியாது.

தோழிகள் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"நாளைக்கும் வர்றீங்களா? சொன்னா மாவு அரைச்சு வைப்பேன்."