தள்ளுவண்டியும் தானாக ஓடும் வண்டியும்

எமது மாதர் சங்கத்தின் களஞ்சியத்தில், கதவுக்குப் பின்னால், ஒரு தள்ளுவண்டி நிற்கிறது. பூசிய நிறம்கூட இன்னும் மங்கவில்லை. அதன்மேல் வெறும் சாக்குகளை மடித்து வைத்திருக்கிறார்கள். அந்த வண்டியைக் கேட்டு விண்ணப்பம் எழுதியவள் நான்தான். ஆகவே இந்தக் கதையையும் நானே சொல்வதுதான் நியாயம்.

நான் தீவகத்தில் சமூக சேவையாளராகப் பணியாற்றுகிறேன். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் உள்ள இந்தச் சங்கத்தில் ஒடியல், கருவாடு, ஓலைப் பெட்டிகள் என்பவற்றைச் சேர்த்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறார்கள். நெடுந்தீவுச் சாக்குகள் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து லொறியில் எம்மிடம் வரும். அவற்றை இறக்கி அடுக்குபவர்கள் நான்கு பெண்கள். நால்வரும் தனியே குடும்பத்தைத் தாங்குபவர்கள். மூத்தவரின் வலது தோளில் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. அவர் இடது தோளில்தான் சுமப்பார்.

அந்தத் தோளைப் பார்த்துத்தான் நான் வண்டிக்கு எழுதினேன். வண்டியும் வந்தது. ஆனால் அதன் சில்லுகள் சின்னஞ்சிறியவை. படலைக்கும் களஞ்சியக் கதவுக்கும் இடையில் இருப்பது மணல். இரண்டு சாக்கு ஏற்றியதும் சில்லு புதைந்துவிட்டது.

"பிள்ளை, ஒருக்கா என்னைக் கேட்டிருந்தால் சில்லைப் பற்றிச் சொல்லியிருப்பன்" என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்கோ அன்றிரவு நித்திரை வரவில்லை. சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றவள் நான். மக்களிடம் கேட்டுத் திட்டமிட வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்!

அந்த நாட்களில்தான் கனடாவிலிருந்து என் பெரியம்மாவின் மகள் கதைத்தார். அக்கா ரொறன்ரோவுக்கு அருகில் ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை செய்கிறார். "எங்கட இடத்துக்கு றோபோ வந்திட்டுது" என்றார். சினிமாவில் வருவதுபோல் கை கால் வைத்த றோபோ அல்ல. பலகை போலத் தட்டையான வண்டி. பொருள் வைத்த தட்டுக்குக் கீழே புகுந்து, அதைத் தூக்கிக்கொண்டு, வேலை செய்பவர் நிற்கும் இடத்துக்கே கொண்டுவந்து தருமாம்.

இந்த வகை வண்டிகளுக்கு வழிகாட்டியது கீவா என்ற அமெரிக்க நிறுவனம். 2003 இல் தொடங்கிய அதனை 2012 இல் அமேசன் 77.5 கோடி டொலருக்கு வாங்கியது. 2025 இல் தன் களஞ்சியங்களில் 10 இலட்சம் றோபோக்கள் ஆகிவிட்டதாக அமேசன் அறிவித்தது. எமது அயலில், பெங்களூரில், பிளிப்கார்ட் நிறுவனம் 2019 இல் நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பொதிகள் பிரிக்கும் வேலையில் விட்டது.

இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நிலத்தில் ஒட்டிய பட்டியையோ அடையாளத்தையோ பார்த்து ஓடுவது. தண்டவாளத்தில் ஓடும் யாழ்தேவி மாதிரி, தடை வந்தால் நின்றுவிடும். மற்றது, லேசராலும் கமராவாலும் இடத்தை அளந்து, தானே வரைபடம் வைத்துக்கொண்டு, ஆள் குறுக்கே வந்தால் வேகம் குறைத்து விலகிப் போவது. கலங்கிய கடலில் மணல் திட்டு பார்த்துப் படகைத் திருப்பும் எங்கள் ஓட்டிகள் மாதிரி. ஆரம்பத்தில் வந்த கீவா வண்டிகள் ஆட்கள் நுழையாத வேலிக்குள்தான் ஓடின. ஆட்களுக்கு நடுவே ஓடக்கூடிய 'புரோட்டியஸ்' என்ற வண்டியை அமேசன் 2022 இல்தான் அறிமுகப்படுத்தியது.

அக்காவின் களஞ்சியத்தில் முதல் வாரம் வண்டிகள் ஒரு வாசலில் அடிக்கடி நின்றுவிட்டனவாம். பொறியியலாளர்கள் வரைபடத்தைத் திருத்தித் திருத்திப் பார்த்தார்கள். கடைசியில் அங்கே கூட்டித் துடைக்கும் பெண்தான், "காற்றடிக்கேக்க அந்தப் பிளாஸ்ரிக் திரை ஆடுது, அதைச் சுவர் எண்டு நினைச்சுத்தான் நிக்குது" என்று சொன்னாராம். திரையைக் கழற்றியதும் வண்டிகள் ஓடின. அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் மணலும் சில்லும்தான் நினைவுக்கு வந்தன.

"அப்ப உங்களுக்குச் சுகம்தானே அக்கா?" என்று கேட்டேன்.

"முந்தி ஒரு நாளைக்குப் பத்துப் பதினைஞ்சு கிலோமீற்றர் நடப்பன். இப்ப நடையில்லை. முழங்கால் நோ போட்டுது. ஆனால் தட்டு ஒண்டு போக ஒண்டு வருது. கை ஓயிறதில்லை. இப்ப தோள் நோகுது."

இது அக்காவின் குறை மட்டுமல்ல. அமேசனின் களஞ்சியங்களில், றோபோ உள்ள இடங்களில் கடும் காயங்களின் வீதம் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக இருந்ததை அமெரிக்கப் புலனாய்வுச் செய்தி நிறுவனமான ரிவீல் 2020 இல் வெளிப்படுத்தியது. நடையை இயந்திரம் குறைத்தது. ஆனால் மணிக்கு எத்தனை பொருள் எடுக்க வேண்டும் என்ற கணக்கை மனிதர்தான் கூட்டினார்கள். நோவு தந்தது வண்டியல்ல, அந்தக் கணக்கு.

இந்தக் கதையை நான் சங்கக் கூட்டத்தில் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டில் வாழும் ஊரவர் ஒருவர், "காசு நான் தாறன், தானாக ஓடுற வண்டி ஒன்றை எடுங்கோ" என்று கேட்டிருந்தார். நல்ல மனதோடு கேட்டார். இம்முறை நான் விண்ணப்பம் எழுதவில்லை. நால்வரையும் முன்வரிசையில் இருத்திக் கேள்விகளை ஒவ்வொன்றாக வைத்தேன்.

நிலம் சமமா? இல்லை, மணல். ஒரு நாளில் எத்தனை தரம் சுமக்கிறோம்? லொறி வருவது கிழமைக்கு இரண்டு நாள் மட்டுமே. வண்டியின் பற்றறிக்கு மின்சாரம் தடையின்றி வருமா? பழுதானால் திருத்த ஆள் எங்கிருந்து வருவார்? முதலில் ஒரு மூலையில் ஓட்டிப் பார்க்கத் தருவார்களா? கடைசிக் கேள்வியை நால்வரில் இளையவர் கேட்டார்: "வண்டி வந்தால், எங்கட இரண்டு நாள் கூலி ஆருக்கு?"

கூட்டம் சிறிது நேரம் பேசவில்லை. அந்தக் கூலியில்தான் அவருடைய மகள் ரியூசனுக்குப் போகிறாள்.

பல்லாயிரம் பொருள்கள், நாள் முழுக்க ஓட்டம், சமமான சீமெந்துத் தரை உள்ள இடத்துக்குத்தான் அந்த வண்டி பொருத்தம். எங்களுக்கு அல்ல. அந்த அன்பருக்கு நன்றி கூறி, படலையிலிருந்து கதவு வரை சீமெந்துப் பாதையும், பெரிய றப்பர் சில்லு பூட்டிய தள்ளுவண்டியும் போதும் என்று எழுதினோம். சம்மதித்தார்.

அன்புச் சகோதரிகளே, எங்கள் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது இந்த இயந்திரங்களைச் சந்திக்கத்தான் போகிறார்கள். பயந்து ஓடத் தேவையில்லை. கணினியும் கணக்கும் படிக்கட்டும். அதோடு, "இது வந்தால் யாருடைய பாரம் குறையும், யாருடைய கூலி குறையும்?" என்று வாய் திறந்து கேட்கவும் பழகட்டும். போருக்குப் பிறகு எமக்கென்று எத்தனையோ பொருள்கள் வந்தன. எம்மைக் கேட்டு வந்தவை எத்தனை?

புதிய வண்டி இப்போது ஓடுகிறது. ஆனால் கதவுப் படியில் முட்டுகிறது. சரிவு ஒன்று போட வேண்டும் என்று மூத்தவர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் என்பதை அவரே நின்று அளந்து தந்தார். மேசனுக்கு நான் கொடுத்தது அந்த அளவைத்தான்.