கார் ஷெட்டில் ஒரு புழுப் பட்டறை

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் ஏரிகள் உறைந்து கிடக்கும் மாதங்களில், சில வீடுகளின் கார் ஷெட்டில் மட்டும் இரவு வெகுநேரம் விளக்கு எரியும். குளிரைப் பொருட்படுத்தாமல் கதவு பாதி திறந்திருக்கும். உள்ளே பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிந்த ஒரு மனிதர், பழைய மைக்ரோவேவ் அடுப்பின் முன்னால் காத்திருப்பார். அவர் காய்ச்சுவது யாரும் சாப்பிடுவதற்கல்ல, மீன்கள் ஏமாறுவதற்கு. மிருதுவான பிளாஸ்டிக்கில் தூண்டில் புழு வார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் முக்கியமானவர் நிக் கிரீம். டயர் தொழிலுக்குப் பேர்போன, ஓஹியோ மாநிலத்து அக்ரன் நகரவாசி. 1949-ல் அவரும் மனைவி காஸ்மாவும் வீட்டிலேயே வினைல், எண்ணெய், நிறமிகளைக் கலந்து காய்ச்சி, நிஜ மண்புழுவிலிருந்து எடுத்த அச்சில் ஊற்றினார்கள். நீரில் நெளிகிற, அழுகிப்போகாத ஒரு புழு கிடைத்தது. கட்டையிலும் உலோகத்திலும் செய்த போலி இரையைப் பாஸ் மீன் கவ்விய வேகத்திலேயே துப்பிவிடும். மெத்தென்றிருப்பதைச் சற்றே கூடுதல் நேரம் வாயில் வைத்திருக்கும். தூண்டிலைச் சுண்டி இழுக்க அந்த ஓரிரு நொடி போதும். அந்த நொடிகளின் மேல் ஒரு தொழிலே எழுந்தது.

இன்று இந்தப் புழுக்கள் கடையில் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கின்றன. பிறகு எதற்கு இந்தப் பாடு? "காசு மிச்சம்" என்பது மனைவியிடம் அவர் சொல்லும் பதில். நிறமி, மினுக்குத் தூள், வெப்பமானி என்று வாங்கிச் சேர்த்ததையெல்லாம் கூட்டிப் பார்த்த மனைவி அதை நம்புவதில்லை. உண்மையான பதில் வேறு. கடைப் புழு எல்லா ஏரிகளுக்கும் பொது. தன் ஏரியின் கலங்கல் நீரில் எந்த நிறம் எடுபடும், வால் எவ்வளவு மெலிந்தால் துடிக்கும் என்பது பற்றி அவருக்குச் சொந்தமாக ஓர் எண்ணம் இருக்கிறது. அது சரிதானா என்று மீனிடமே கேட்டுவிட வேண்டும்.

முதலில் அச்சு. களிமண்ணில் செய்த புழுவை ஒரு தட்டில் ஒட்டி, வாசலின் தடவி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றுகிறார். அரை மணி நேரத்தில் இறுகிவிடும். ஆனால் இறுகியதெல்லாம் உலர்ந்ததாகாது. உள்ளே தங்கிய ஈரம் போகப் பல நாட்கள் ஆகும். அதன்பின் நீர்த்த வெள்ளைப் பசையை இரண்டு மூன்று முறை பூசிக் காயவைத்தால்தான் நுண்துளைகள் அடைபடும். அவசரக்காரரின் அச்சில் புழு குமிழ் குமிழாக வரும். அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். இல்லாவிட்டால், சிக்கியிருந்த நீர் சட்டென்று ஆவியாகி, சூடான பிளாஸ்டிக்கை முகத்தை நோக்கித் தெறிக்கச் செய்யும்.

அடுத்தது பதம். பிளாஸ்டிசால் என்கிற அந்தத் திரவம் பார்க்கப் பால் போலிருக்கும். மென்மையூட்டும் எண்ணெய் போன்ற திரவத்தில் மிதக்கும் பி.வி.சி. துகள்கள்தான் அது. சூடு ஏற ஏறக் கெட்டிப்பட்டுக் கூழாகி, சுமார் 175 டிகிரி செல்சியஸில் தெளிந்து இளகும். வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும். கொஞ்சம் விட்டால் மஞ்சளித்து, கருகி, ஹைட்ரஜன் குளோரைடு புகையைக் கக்கிவிடும். கதவு திறந்திருப்பதும், அந்த அடுப்பு மறுபடி சமையலறைக்குள் நுழையாததும் அதனால்தான்.

பதத்தில் எடுத்து, நிறம் சேர்த்து, மெல்லிய தாரையாக ஊற்றுகிறார். முதல் புழுவுக்கு வால் பாதிதான் வந்தது. ஊற்றுவதற்குள் ஆறிவிட்டது. அடுத்தது விறைத்து நின்றது. மென்மையூட்டியைக் கொஞ்சம் கூட்டினார். நாலாவதை அச்சிலிருந்து உரித்து எடுத்துக் குளியல் தொட்டியில் இழுத்துப் பார்த்தபோது வால் துடித்தது. மேல்பக்கம் தட்டைதான். மீனுக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

ஏரி உருகிய பிறகுதான் வேறொரு கணக்கு எழுகிறது. மிருதுவான புழு சீக்கிரம் கிழியும். கிழிந்ததை நீரில் வீசிவிட்டு அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பது பலருடைய பழக்கம். ஆனால் வினைல் மட்கிப் போவதில்லை. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வுக்கூடத் தொட்டியிலிருந்த புரூக் டிரவுட் மீன்கள் பல, போடப்பட்ட பிளாஸ்டிக் இரையைத் தாமாகவே விழுங்கின. வெளியே தள்ளவும் முடியாமல் அது வயிற்றிலேயே தங்க, மீன்களின் எடை குறைந்தது. 2013-ல் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் இவற்றைத் தடை செய்ய ஒரு மசோதாவே வந்தது. தடை வரவில்லை. கேள்வி தங்கிவிட்டது.

கார் ஷெட்காரர் ஆய்வறிக்கை படித்துத் திருந்தியவரல்ல. அவரைத் திருத்தியது பிளாஸ்டர் அச்சுதான். அது உலர அவர் காத்த நாட்கள், பதம் தவறிக் கொட்டிய கிண்ணங்கள், நாலாவது புழுவின் வால்... இவ்வளவும் தெரிந்த கை, கிழிந்ததை எறிய ஓங்கியும் எறியவில்லை. முதல் தடவை சட்டைப் பையில் போட்டார். இப்போது படகில் அதற்கென்றே ஒரு டப்பா இருக்கிறது. மற்றவர்கள் கரையில் விட்டுப்போனதையும் பொறுக்கிப் போடுகிறார்.

உறைபனி திரும்பியதும் அவற்றைக் கழுவி, நன்றாக உலர்த்தி, நறுக்கி உருக்குகிறார். பச்சையும் சிவப்பும் ஊதாவும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு அழுக்குப் பழுப்புதான் வரும். கடையில் தொங்கவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நிஜ மண்புழுவின் நிறமும் ஏறக்குறைய அதுதான்.