"நல்லா இருக்கேன் டாக்டர்"

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்றுதான் வாயில் வரும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நிற்காவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு என்று வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. காய்ச்சலோடு பால்மரம் வெட்டப் போன அம்மாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, "முடியலை" என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஜாசின் பக்கத்துத் தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அக்கம்பக்கத்தாருக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருவதில் பொழுது போகிறது. அந்த வகையில் உங்களுக்கு, அதிலும் மனப் பதற்றத்தால் வேலைக்குப் போக முடியாமல் தவிக்கும் தம்பி தங்கைகளுக்கு, சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

மெர்லிமாவ் பக்கம் ஒரு பெண். பத்து பிரண்டாம் தொழிற்சாலை ஒன்றில் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் வரும். ஒரு நாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்து, கை மரத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்றே நினைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இதயத்தைப் பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அடுத்த வாரம் மறுபடியும். அப்புறம் பஸ்ஸைப் பார்த்தாலே கால் நகரவில்லை. அம்மா விபூதி போட்டார், மந்திரித்தார், நேர்ந்துகொண்டார். கோயிலுக்குப் போகட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கிளினிக்கிற்குப் போன தேதிதான் பின்னால் கணக்கில் வரும். அதை அந்த அம்மாவுக்குப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன்.

ஏன் தேதி முக்கியம் என்று கேட்பீர்கள். நம் மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி வெல்ஃபேர் ஆபீசில் பதிந்து ஓகேயு கார்டு என்னும் மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலாம். பதிவு கட்டாயமில்லை, கட்டணமும் இல்லை. காசு கேட்டு "நான் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பார்வை, செவி, பேச்சு, உடல் என்று போகும் ஏழு பிரிவுகளில் மனநலமும் ஒன்று. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குறைந்தது 2 ஆண்டு மனநல நிபுணரிடம் சிகிச்சையில் இருந்திருக்க வேண்டும். அத்தனை சிகிச்சைக்குப் பிறகும் தன் காரியங்களையோ ஊரோடு பழகுவதையோ சரியாகச் செய்ய முடியாத நிலை இருக்க வேண்டும். உதாரணமாக அவர்கள் எழுதியிருப்பது மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடுமையான மனச்சோர்வு போன்றவை. பதற்ற நோயின் பெயர் அந்த வரிசையில் வெளிப்படையாக இல்லை. இதை நான் மறைக்க மாட்டேன். கார்டு நிச்சயம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். கடைசியில் நிபுணர் பார்ப்பது நோயின் பெயரை மட்டும் அல்ல. அது உங்கள் அன்றாடத்தில் எதையெல்லாம் பிடுங்கிக்கொண்டது என்பதையும் சேர்த்துத்தான்.

நம் பிள்ளைகள் கோட்டைவிடுவது அங்கேதான். மருத்துவமனையில் அந்த மெர்லிமாவ் பெண்ணுக்கு முன் நாற்பது பேர். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "எப்படி இருக்கீங்க?" என்கிறார். இவள் தலையைக் குனிந்து, "ஓகே டாக்டர், பரவாயில்லை" என்கிறாள். அவர் 'நிலைமை சீர்' என்று எழுதுகிறார். எழுதாமல் என்ன செய்வார்? அடுத்த முறை போகும்போது அவள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். எந்த நாள் வேலைக்குப் போகவில்லை, எந்த நாள் பாதி வழியில் இறங்கினாள், கடைக்குக் கூட்டிப்போக யார் வந்தார்கள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், மாத்திரையால் வாய் உலர்ந்ததா, தூக்கம் வந்ததா, எல்லாம் அன்றன்றைக்கு எழுதச் சொன்னேன். "செவ்வாய்: மார்க்கெட் வாசல்ல நின்னுட்டு திரும்பி வந்துட்டேன், தம்பிதான் மீன் வாங்கினான்." இப்படி ஒரு வரி போதும். அம்மாவையும் உள்ளே கூட்டிப் போகச் சொன்னேன், பிள்ளை மறைப்பதைத் தாய் சொல்லிவிடுவாள். கூட்டிச் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. நல்ல நாளும் உண்டென்றால் அதையும் எழுது. எல்லாமே கெட்ட நாள் என்றால் அவர்களே நம்ப மாட்டார்கள்.

செலவுக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். அரசு கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி, அவ்வளவுதான். சந்திப்புத் தேதியைத் தவறவிட்டால் அந்த 2 ஆண்டுக் கணக்கில் ஓட்டை விழும் என்பதுதான் பெரிய செலவு.

இன்னொன்று. இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். படபடப்பு வந்த வாரத்தில் ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். மருத்துவ விடுப்பு சட்டப்படி உங்கள் உரிமை. சேவை 2 ஆண்டுக்குக் கீழ் என்றால் வருஷத்துக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் சேர்த்தால் 60 நாள். அதை எடுங்கள். நீங்களாகவே வேலையை விட்டால் வேலைக் காப்புறுதித் திட்டமும் கைவிடும். வேலை இழந்தவருக்குத்தான் அது, விலகியவருக்கு இல்லை. சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊன ஓய்வூதியமும் அப்படியே கைநழுவலாம். நோய் குணமாகாதது அல்லது குணமாக வாய்ப்பில்லாதது என்றும், சாதாரண ஒருவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட உங்களால் முடியாது என்றும் மருத்துவக் குழு ஒப்ப வேண்டும். அதோடு சந்தா கணக்கும் பார்ப்பார்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதம் கட்டியிருந்தால் முழுத் தகுதி. வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டில் இரண்டு மூன்று வருஷம் சுருண்டு கிடந்தால் அந்தக் கணக்கும் கரைந்துவிடும். இளம் வயதுப் பதற்ற நோயை "குணமாகாதது" என்று மருத்துவக் குழு சுலபத்தில் எழுதாது. எழுதாமல் இருந்தால் ஒரு வகையில் சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்றுதான் நான் நினைக்கிறேன். சொக்சோவிலேயே மறுபடி வேலைக்குத் திருப்பிவிடும் திட்டமும் 2007 முதல் இருக்கிறது, அதைக் கேட்டுப் பாருங்கள்.

கார்டு கிடைத்தாலும் பணம் தானாக வராது. வேலை செய்யும் ஓகேயுக்காரருக்கு ஒரு உதவித்தொகை, வேலை செய்ய முடியாதவருக்கு இன்னொன்று. 2021இல் முதலாவது 450 வெள்ளியாகவும் இரண்டாவது 300 வெள்ளியாகவும் உயர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் வருமான வரம்பு, தனி விண்ணப்பம், வீட்டு விசாரணை எல்லாம் உண்டு. பொறுமை இருந்தால்தான் நடக்கும்.

"பதிஞ்சா ஊருக்குத் தெரிஞ்சிடும், பொண்ணு கேட்டு யாரும் வரமாட்டாங்க" என்கிறார்கள். எங்கள் காலத்தில் சண்டையில் "உன்னைத் தம்போய்க்கு அனுப்பணும்" என்பார்கள், ஜோகூர் மனநல மருத்துவமனையைச் சொல்லி. அந்தப் பயம் இன்னும் லயத்துச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. பதிவதும் பதியாமல் இருப்பதும் உங்கள் இஷ்டம், கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் சிகிச்சையைப் பதிவோடு சேர்த்துப் போட்டுக் குழப்பாதீர்கள். சிகிச்சைக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை கார்டு வரவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் நிபுணர், "நீ தேறிக்கொண்டு வருகிறாய், இப்போது எழுத முடியாது" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவள் இப்போது மெர்லிமாவிலேயே ஒரு தையல் கடையில் காலை நேரம் மட்டும் போகிறாள். கம்பெனி பஸ்ஸில் இன்னும் ஏறுவதில்லை. நோட்டுப் புத்தகம் மூன்றாவது ஓடுகிறது. அடுத்த விண்ணப்பம் தேவைப்பட்டால் அதைத்தான் முதலில் கொண்டுபோவோம்.