எட்டாவது முறை மூடியைத் திறந்தபோது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கரி அடுப்பை மூட்டினேன். ஒன்பது மணிக்குள் அதன் மூடியை எட்டு முறை திறந்துவிட்டேன். எண்ணியது நானில்லை, அப்பா. வீட்டு முன்புறம், காருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா போன பிறகு அப்பா சுங்கை சிப்புட்டிலிருந்து கிள்ளானுக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒன்றரை ஆண்டு ஆகிறது. அவரிடம் ஏதாவது கேட்டால் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். எனக்கோ வானொலி வேலை. மூன்று விநாடி சத்தமில்லாமல் போனாலே கை தானாகப் பொத்தானைத் தேடும். வீட்டிலும் அதே வியாதிதான். போன மாதம் கிளினிக்கில் டாக்டர் அவரிடம், “எங்கே வலி?” என்று கேட்டார். “இடது முழங்கால், டாக்டர்” என்று நான் முந்திக்கொண்டேன். முழங்காலுக்குத் தைலமும் மாத்திரையும் வாங்கி வந்தோம். இரண்டு நாள் கழித்து அப்பா மருமகளிடம் சொல்லியிருக்கிறார், வலிப்பது இடுப்பு என்று.

இதை என் மனைவி என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் சிரிப்பில்லை.

அடுப்புக்கு வருகிறேன். உருண்டையான கரி அடுப்பு. அடியில் ஒரு காற்றுத் துளை, மூடியில் ஒன்று. நெருப்பில் காட்டிச் சுடுவதல்ல நோக்கம். கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வைத்து, 110 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் ஏழெட்டு மணி நேரம் புகையில் வேகவிட வேண்டும். அன்றைக்கு வைத்தது எலும்போடு கூடிய ஆட்டுத் தோள், இரண்டு கிலோவுக்குச் சற்று மேல்.

போன தடவை கரி மொத்தத்தையும் பற்றவைத்து, அரை மணி நேரத்தில் இறைச்சியைக் கரியாக்கினேன். கோலா செபெத்தாங் பக்கத்துச் சதுப்புநிலக் காட்டு மரத்தில் செய்த கரி அது. பிடித்தால் மூர்க்கமாக எரியும். அதனால் இந்த முறை பற்றவைக்காத கரியைக் குவித்து, அதன் மேல் கனிந்த துண்டுகள் பத்து மட்டும் வைத்தேன். நெருப்பு மெதுவாகப் பரவும். இதுவரை சரிதான்.

பிறகுதான் என் கை சும்மா இருக்கவில்லை. முள் 150 காட்டியதும் கீழ்த்துளையை அடைத்தேன். 95க்கு இறங்கியது. பதறிப்போய் அகலத் திறந்தேன். 160. என்ன ஆயிற்று என்று மூடியைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கியதும் சூடு வெளியேறி முள் இறங்கும். ஆனால் கரிக்கு அந்த நேரத்தில் நிறையக் காற்று கிடைத்துவிடும். மூடிய பிறகு முன்பைவிட அதிகமாக ஏறும். துளையைக் கொஞ்சம் நகர்த்தினால் அதன் பலன் முள்ளில் தெரியப் பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கிறது. நானோ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

“எட்டு தடவ தொறந்துட்டே தம்பி” என்றார் அப்பா.

எழுந்து வந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. மேல்துளையை முழுவதும் திறந்துவிட்டார். கீழ்த்துளையில் ஒரு விரல் அளவுக்கு இடைவெளி விட்டார். மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டார்.

“மேல எதுக்குப்பா முழுசா?”

பதில் வரவில்லை. ‘புகை தேங்கினால் இறைச்சி கசக்கும், அதற்குத்தானே?’ என்று நானே சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“ஈரம் வெளிய போவணும்ல” என்றார் கடைசியில். அதற்குப் பிறகு அவராகவே தொடர்ந்தார்.

1970களில் தோட்டத்தில், ரப்பர் சீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் கொட்டகையில் அவருக்கு இரவு வேலை. அவர் ரப்பர் ஆலையில் வேலை பார்த்தார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சுமார் 40 டிகிரியில் தொடங்கி, 60ஐத் தாண்டவிடாமல் நான்கைந்து நாள் காக்க வேண்டுமாம். சூடு மிஞ்சினால் சீட்டில் கொப்புளம் விழும், தரம் குறையும், கிராணியின் ஏச்சு விழும். கூரைத் துளை வழியாக ஈரக்காற்று போகாவிட்டால் சீட்டு காயாது. விறகைச் சாம்பலால் மூடி அடக்குவாராம். முன்னிரவில் செய்தது சரியா என்று நள்ளிரவில்தான் தெரியுமாம். பகலில் சீட்டு தொங்கவிட அம்மா வருவார் என்பதையும் அன்றுதான் கேட்டேன்.

பத்தரை மணிக்கு முள் 118இல் நின்றது. புகை வெள்ளையிலிருந்து மெல்லிய நீலத்துக்கு வந்திருந்தது. நண்பகலில் இறைச்சியின் உட்சூடு 70ஐத் தொட்டு, இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுபோல் இறைச்சியைக் குளிர்விக்கிறது. இது நான் படித்த விஷயம்தான். இருந்தும் கை கீழ்த்துளைக்குப் போனது. அப்பா பார்த்தார். எடுத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு 94. எலும்பு தனியாகக் கையோடு வந்தது. மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“இடுப்பு எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டேன். மனசுக்குள் எண்ணினேன். பதினொன்று வரை போயிற்று.

“ராத்திரியிலதான்” என்றார். “படுத்தா பொரள முடியல.”