கமகத்துக்கு வழிவிடும் பெடல்

கெடா மாநிலத்தின் குவாலா மூடா வட்டாரத்தில், சுங்கை பட்டாணிக்கும் பீடோங்கிற்கும் இடையே அமைந்த சுங்கை லாலாங் போன்ற ஊர்களில் மின்கிட்டார் வாசிக்கும் ஒருவர் எந்தப் பாட்டுகளை, எந்த இடத்தில், யாருக்குத் துணையாக வாசிக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்கு ஏற்ற எஃபெக்ட்ஸ் பெடல் எது என்று சொல்ல இயலாது. கிட்டாரின் கம்பி அதிர்வதைப் பிக்கப் என்னும் காந்தச்சுருள் மின்குறியாக மாற்றுகிறது. அந்தக் குறி ஆம்ப் என்னும் ஒலிபெருக்கியை அடையுமுன், வழியில் காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டியொன்றில் நுழைந்து குணம் மாறி வெளிவருமானால், அந்தப் பெட்டியே எஃபெக்ட்ஸ் பெடல். தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும், தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களின் கல்யாண விருந்திலும் மேடையேறும் இசைக்குழு, ஒரே இரவில் எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டில் தொடங்கி இளையராஜா, ரகுமான் வழியாக அனிருத் வரை வந்துவிடுகிறது. அக்குழுவின் கிட்டார் கலைஞர் பாடகருக்குப் பின்னால் நிற்பவர். இடையிசை வரும் சில விநாடிகளில் மட்டுமே முன்னால் வருபவர். பெடல்களைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி ராக் குழுக்களின் தேவையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவையாதலால், இவருக்கு அவை அப்படியே பொருந்துவதில்லை.

மலாயாவின் இளைஞர்களை மின்கிட்டாரின் பக்கம் இழுத்தது எதிரொலிதான் என்று சொன்னால் மிகையாகாது. 1960இல் ‘அப்பாச்சி’ என்ற இசைத்தட்டின் மூலம் புகழ்பெற்ற தி ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின், எதிரொலிக் கருவி ஒன்றின் துணையோடு வாசித்த தூய, நீண்டு ஒலிக்கும் நாதம், அக்குழு பாடகர் கிளிஃப் ரிச்சர்டுடன் 1961இல் சிங்கப்பூருக்கு வந்துசென்றபின் தீபகற்பம் முழுவதும் கிட்டார் குழுக்களைத் தோற்றுவித்தது. பினாங்கில் 1960களின் பிற்பகுதியில் உருவாகி, டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் குரலால் நாடறிந்த அலிகேட்ஸ் குழு அந்த அலைக்குப் பின் வந்தது. அவர்கள் பெரும்பாலும் மலாயில் பாடினர். 1980களில் சர்ச் முதலிய மலாய் ராக் குழுக்கள் கரகரப்பூட்டிய கிட்டார் ஒலியைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றன. ஆகவே வட கெடாவிலோ தென் கெடாவிலோ வளரும் தமிழ் இளைஞனின் காதில் தமிழ்த் திரையிசையும் மலாய் ராக்கும் ஒருசேரக் குடியிருக்கின்றன. பெடல் வாங்கச் செல்லும்போது மலாய் ராக் முந்திக்கொண்டு, டிஸ்டார்ஷன் பெட்டியைக் கையில் எடுக்கவைத்துவிடுகிறது.

தமிழ்ப் பாட்டுக்கு முதல் தேவை வேறு. கமகம் என்பது ஒரு சுரத்தை நிலையாக நிறுத்தாமல், அதன் அண்டைச் சுரங்களைத் தொட்டு அசைத்தும் வழுக்கியும் ஒலிப்பது. திரைப்பாட்டில் அது கச்சேரியளவுக்கு விரிவதில்லை என்றாலும், பாடகரின் ஒவ்வொரு வரியிலும் இழையோடுகிறது. அதைப் பின்தொடரும் கிட்டார் கலைஞர் கம்பியை இழுத்து வளைக்கும்போது சுரம் பயணம் செய்யும் பாதை காதுக்குத் துலக்கமாகக் கேட்க வேண்டும். இதற்கு மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) சிறந்த சான்று. மரபான மாண்டலினில் இணை இணையாகக் கட்டப்பட்ட கம்பிகள் எட்டு இருக்க, அவர் ஒற்றைக் கம்பிகள் ஐந்து பூட்டிய மின்மாண்டலினைக் கையாண்டார். ஒரே சுரத்தை இரு கம்பிகள் ஒலிக்கும்போது அவற்றிடையே உள்ள நுண்ணிய சுருதி வேறுபாடு ஒலிக்குப் பளபளப்பைத் தருகிறது, ஆனால் அசையும் சுரத்தின் விளிம்பை மங்கச் செய்கிறது. அவரது கருவியில் அந்த இரட்டிப்புக்கு இடமில்லை என்பதைப் பெடல் வாங்குவோர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

ஏனெனில் கோரஸ் என்னும் பெடல் செய்வது அந்த இரட்டிப்பையே. அது உள்வரும் குறியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதித்து, அந்தத் தாமதத்தை மெல்லக் கூட்டிக் குறைத்து, பின் மூலத்தோடு சேர்க்கிறது. தாமதம் மாறும்போது சுருதியும் சிறிது ஏறி இறங்குவதால் பல கருவிகள் சேர்ந்தொலிக்கும் மயக்கம் பிறக்கிறது. 1976இல் பாஸ் நிறுவனம் வெளியிட்ட சிஇ-1 இவ்வகைக்கு முன்னோடி. 1980களின் மெல்லிசையில் சுரக்கோவைகளை, அதாவது கார்டுகளை, தனித்தனிக் கம்பியாக மீட்டி வரும் இடங்களில் கோரஸ் மிக அழகானது. ஆனால் அதன் ‘டெப்த்’ குமிழை, அதாவது சுருதி அசையும் ஆழத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு கமகம் வாசித்தால், கலைஞரின் விரல் ஒரு பக்கமும் பெட்டி இன்னொரு பக்கமும் சுரத்தை அசைக்க, கேட்பவருக்குச் சுருதி விலகலாகவே படும். கோரஸை வாங்குவதானால் ஆழத்தை மிகக் குறைத்தாலும் பயன்தரும் பெட்டியாகப் பார்த்து வாங்குவதே முறை.

டிலே என்னும் தாமதப் பெடலின் விளைவு இதைவிட நுட்பமானது. வாசித்ததைப் பதிந்து, குறித்த நேரம் கழித்துத் திரும்ப ஒலிக்கும் இப்பெட்டியில், நிமிடத்துக்கு நூறு தட்டுகள் கொண்ட பாட்டுக்கு ஒரு தட்டின் நேரம் 600 மில்லிவிநாடியாகையால், அந்த அளவில் தாமதத்தை நிறுத்தினால் எதிரொலி தாளத்தோடு இயைந்து விழும். ஆனால் தாளத்தோடு இயைவது ராகத்தோடு இயைவதாகிவிடாது. சங்கராபரண அமைப்புள்ள மெட்டில் முந்தைய சுரம் அடுத்த சுரத்தின்மேல் தங்கினாலும் பெரும்பாலும் இனிமை கெடாது. ஆனால் சுபபந்துவராளியில் சட்சமும் அதை ஒட்டி அரைச்சுர இடைவெளியில் நிற்கும் சுத்த ரிஷபமும் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது, சோகம் ததும்ப வேண்டிய இடத்தில் உரசல் கேட்கிறது. எதிரொலியின் அளவைக் குறைப்பதோடு, திரும்பி வரும் ஒலி மூலத்தைவிட மங்கலாக இருக்கும்படியும் அமைத்துக்கொண்டால் இது பெருமளவு தணியும். பழைய அனலாக் டிலேக்களில் மின்சுற்றின் இயல்பினாலேயே ஒவ்வொரு மறுஒலியிலும் கூர்மை குறைந்துகொண்டு போகும். 1983இல் பாஸ் வெளியிட்ட டிடி-2 முதலான டிஜிட்டல் டிலேக்கள் எதிரொலியையும் மூலத்தைப் போலவே துலக்கமாகத் தருகின்றன. துலக்கமே உயர்ந்தது என்று தோன்றினாலும், பாடகருக்குத் துணைநிற்பவருக்கு மங்கலே உதவும்.

ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் ஆகியவை குறியின் உச்சிகளை வெட்டி, அதனால் பிறக்கும் மேற்சுரங்களைக் கொண்டு ஒலியைத் தடிப்பாக்குபவை; முன்னது மெதுவாக வெட்டுகிறது, பின்னது முரட்டுத்தனமாக. வெட்டும்போது மெலிந்த ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள வேறுபாடு சுருங்குவதால் மீட்டிய சுரம் நெடுநேரம் அணையாமல் நிற்கிறது. கிட்டார் ஒலி விரைவில் தேய்ந்துபோவதே அதில் நீண்ட கமகத்துக்குத் தடை என்பதால், அளவான ஓவர்டிரைவ் கர்நாடக இசைக்குப் பகையன்று, நட்பே. அதே வெட்டு இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து மீட்டும்போது அவற்றின் வேறுபாட்டிலிருந்து புதிய, வேண்டாத சுரங்களைப் பிறப்பிக்கிறது. ராக் இசையில் ச–ப என்ற இணையை மட்டும் அழுத்தி வாசிக்கும் வழக்கம் இதனால் வந்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ்கள் அடித்தொனியைக் குறைத்து, ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸ் வட்டாரத்தை எடுப்பாக்குகின்றன; அது மனிதக் குரல் வலுவாக ஒலிக்கும் பகுதி. இடையிசையில் கிட்டாரை முன்னிறுத்த இந்த எடுப்பு அருமையாகப் பயன்படும், பாடகர் வாயெடுத்ததும் அவர் சொற்களையே மறைக்கும். ‘அடியே கொல்லுதே’ போன்ற பாட்டை வாசிக்க டிஸ்டார்ஷன் இன்றியமையாததுதான். ஆனால் பல்லவி தொடங்கும் கணத்தில் காலால் அதை அணைக்கத் தெரியாதவருக்கு அந்தப் பெட்டியால் நன்மையில்லை.

ஃபஸ் என்னும் மிகமுரட்டு வகையை விரும்புவோர் கெடாவின் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1966இல் லண்டனில் வெளிவந்த ஃபஸ் ஃபேஸ் முதலியவற்றில் இருந்த ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் வெப்பம் ஏற ஏற மின்கசிவு கூடிக் குணம் மாறுபவை. மாலை நான்கு மணிக்குத் தகரக் கொட்டகையின் கீழ் ஒலி சரிபார்த்து வைத்த பெடல், இரவு பத்து மணிக்கு வேறொன்றாக ஒலிக்கும். சிலிக்கான் டிரான்சிஸ்டர் கொண்டதை வாங்கினால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மேடையின் இயல்பு, தேர்வைப் பாட்டின் அளவுக்கே தீர்மானிக்கிறது. திருமண மண்டபத்தின் வெறுஞ்சுவர்களும் உயர்ந்த கூரையும் தாமே எதிரொலிப்பவை; அங்கே ரிவெர்ப், அதாவது அறையின் முழக்கத்தைப் போலி செய்யும் விளைவு, சேற்றில் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். கோயில் திடலில் ஒலி திரும்பிவராமல் வெளியில் கரைந்துவிடுவதால் அங்கு அது தேவைப்படும். வாடகை ஒலியமைப்பின் மிக்ஸரில் ஆம்ப் இல்லாமல் நேராகக் கிட்டாரைச் செருகும் வழக்கமும் உண்டு. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையைத் தானே வடிகட்டிவிடும். மிக்ஸர் அதைச் செய்யாது. ஆகவே வீட்டில் தேன்போல் ஒலித்த டிஸ்டார்ஷன் மேடையில் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒலிக்கும். ஸ்பீக்கரின் வடிகட்டலைப் போலி செய்யும் பெடல் ஒன்றோ, அவ்வசதி உள்ள மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியோ இத்தகையோருக்கு முதல் செலவாக இருக்க வேண்டும். பல விளைவுகளை ஒன்றாக அடக்கிய மல்டி எஃபெக்ட்ஸைத் தரக்குறைவாக நினைக்கும் போக்கு இருக்கிறது. ஒரே இரவில் பல பத்தாண்டுகளின் பாட்டுகளைக் கடக்க வேண்டியவருக்கு அது நியாயமான கருவியே.

தனித்தனிப் பெடல்களை விரும்புவோருக்கு மின்வழங்கி முக்கியமான பொருள். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்னோட்டத்தில், பிளக்கின் நடுமுனை எதிர்முனையாக அமைந்து இயங்குபவை. ஓவர்டிரைவ் சில மில்லி ஆம்பியரில் ஓடிவிடும், டிஜிட்டல் டிலே அதைப்போல் பல மடங்கு கேட்கும். ஜப்பானிலிருந்து கைமாறி வரும் பெடலோடு 100 வோல்ட் அடாப்டர் வந்தால், மலேசியாவின் 230 வோல்ட் மின்சாரத்தில் அதைச் செருகினால் கருகிப்போகக்கூடும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட மின்னிணைப்பு தரும் வழங்கியை வாங்கினால், ஒரே அடாப்டரிலிருந்து கிளைபிரித்துக் கொடுக்கும்போது எழும் இரைச்சலைத் தவிர்க்கலாம்.

சுங்கை பட்டாணியிலோ, பாலம் கடந்து ஜார்ஜ்டவுனிலோ கடைக்குச் செல்பவர், அங்கு பழக்கமான ராக் துணுக்குகளை வாசித்துப் பார்ப்பதைவிட, தோடியின் காந்தாரத்தை ஒரே கம்பியில் மெல்ல அசைத்து, அந்த அசைவு முழுவதும் பெடலின் மறுபக்கத்தில் கேட்கிறதா என்று பார்ப்பது நல்லது. அதன்பின் கிட்டாரின் ஒலியளவுக் குமிழைப் பாதியாகக் குறைத்து மீண்டும் வாசிக்கலாம். நல்ல ஓவர்டிரைவ் அப்போது கரகரப்பை விட்டுத் தெளிந்துவிடும், மட்டமானது ஒலியை மட்டும் குறைத்துக்கொண்டு கரகரப்பை விடாமல் வைத்திருக்கும். பழைய பெடலானால் எல்லாக் குமிழ்களையும் முழுச்சுற்றுத் திருப்பி, புழுக்கத்தில் அரித்த தொடுமுனைகள் சடசடக்கின்றனவா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இவற்றில் தேறிய ஓவர்டிரைவ் ஒன்று, டிலே ஒன்று, ஒலியை அடக்கிவிட்டுக் கம்பியின் சுருதியைக் கண்ணுக்குக் காட்டும் ட்யூனர் பெடல் ஒன்று ஆகியவற்றோடு பெட்டியை மூடிவிட்டு, மிச்சமுள்ள வெள்ளியைத் தரமான கேபிள்களுக்குச் செலவிடலாம்.