உச்ச நேரம்

மாலை 6.30 மணியானதும் எம் இல்லத்தில் ஒரு விரதம் தொடங்கும். நீரிறைக்கும் பொறி ஓயும்; மின்னழுத்தியை ஒருவரும் தொடார்; சலவைப் பொறி வாய்மூடும். இரவு 10.30க்குப் பின்னரே பாரணை.

இவ்விரதத்தை எமக்கு விதித்தது பஞ்சாங்கமன்று. மின்சாரக் கட்டண விதி. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை ஒரு விலை, அதன்பின் 10.30 வரை மிக உயர்ந்த விலை, எஞ்சிய இரவுக்கு மிகக் குறைந்த விலை என அறவிடும் முறை இலங்கையில் வீட்டாருக்கும் உண்டு. விரும்பினோர் சேரலாம். நாமும் சேர்ந்தோம்.

அம்முறை நியாயமானதே. அந்தி சாய்ந்ததும் நாடெங்கும் விளக்குகள் ஒருங்கே எரிகின்றன. கூரைமேற் சூரியப் பலகைகளோ அவ்வேளை பயன்படா. அச்சில மணி நேரத் தேவைக்காக எண்ணெய் எரிக்கும் செலவுமிக்க நிலையங்களையும் இயக்க நேர்கிறது. 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டைக் கண்ட எமக்கு எண்ணெயின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலே, கோடைக்கால உச்ச வேளைகளில் தம் வீட்டுக் குளிரூட்டியை மின்நிறுவனமே தொலைவிலிருந்து தணிக்க இணங்குவோருக்குச் சலுகை வழங்கும் திட்டங்கள் உண்டு. அங்கு ஒரு கருவி செய்யும் வேலையை எம் வீட்டில் யார் செய்தார் என்பதை நாம் சிந்தித்தோமல்லோம்.

முதல் மாதத்திலேயே பட்டியலில் தொகை குறைந்தது. கல்லூரியில் ஆசிரியர் அறையிலே அதனைப் பெருமிதத்துடன் எடுத்துரைத்தோம். பின்னொருநாள் தாகத்தினால் அதிகாலை நான்கு மணிக்கு விழித்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. மனைவியார் எமது சட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். கிணற்று நீர் தொட்டியில் ஏறிக்கொண்டிருந்தது.

“இந்த நேரத்திலோ?” என்றோம்.

“இஞ்சாருங்கோ, காசு குறைஞ்சது சரி. என்ரை நித்திரை குறைஞ்சதை எந்த மீற்றர் காட்டும்?” என்றார். குரலிற் கோபமில்லை, அதுவே எம்மைச் சுட்டது.

சிக்கனம் எனக் கருதி நாம் செய்ததெல்லாம் வேலையை ஒரு நேரத்திலிருந்து இன்னொரு நேரத்துக்கு மாற்றியதே. அந்நேரத்தில் எவர் விழித்திருப்பார் என்று கேட்டோமில்லை.

இப்பொழுது நீர் இறைப்பது எம் பொறுப்பு, பகலிலேயே இறைக்கின்றோம். ஞாயிறு நண்பகலில் மகனும் நாமும் வாரம் முழுமைக்குமான உடைகளை அழுத்திவிடுகிறோம். பகல் விலையாதலால் மிச்சம் சற்றுக் குறைவுதான். உச்ச நேர விரதத்திலோ மாற்றமில்லை.

நான்கு மணிக்குச் சமையலறை இருண்டே கிடக்கிறது.